சீட்டு மாறிய ஸ்வெட்டர்

முதலில் மாறியது ஒரு கோட்டு. பேக்கரிக்காரரின் சாம்பல் நிறக் கோட்டு ஓய்வுபெற்ற டீச்சரம்மா வீட்டுக்கும், டீச்சரம்மாவின் கம்பளிப் பாவாடை பேக்கரிக்காரர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. பேக்கரிக்காரர் பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு சலவைக் கடைக்கு வந்து, "இடுப்புதான் கொஞ்சம் டைட்டு, மத்தபடி எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். சின்னவள் சிரித்துவிட்டாள். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற அவளுடைய அத்தான் சிரிக்கவில்லை. பாவாடைப் பட்டையில் குத்தியிருந்த மஞ்சள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முப்பத்தெட்டு வருஷமாக அந்தச் சலவைக் கடையில் சீட்டுக் குத்துவது அவர் ஒருவர்தான். துணி உள்ளே வந்ததும் காலரின் உட்புறம் ஒரு மஞ்சள் சீட்டு, அதில் ஒரு எண், அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஊக்கு. மெஷினுக்குள் போனாலும் ஆவியில் வெந்தாலும் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கிடந்தாலும் சீட்டு துணியை விட்டுப் போகாது. வேலைக்கு வந்தவர்களிடமெல்லாம், "துணிக்குப் பேரு கிடையாது, சீட்டுதான் பேரு. அது மாறினா ஆளே மாறிடுவான்" என்பார். அப்படிப்பட்ட மனிதர் கையில் ஒரே வாரத்தில் நான்கு சீட்டுகள் மாறின. யானைக்கும் அடி சறுக்கும், எழுபத்திரண்டு வயதில் சறுக்காமல் இருக்குமா என்று சின்னவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அத்தான் என்று சொன்னாலும் அவர் அவளுக்குக் கணவர்தான். முதலில் அக்காவின் கணவர், பிறகு அவளுடைய கணவர். அக்கா வயிற்றில் கட்டி வந்து போய்ச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கடையும் வீடும் ஆளில்லாமல் கிடக்கிறதே என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பதிவு அலுவலகத்தில் இரண்டு கையெழுத்து, சாட்சிக்கு இரண்டு பேர். மாலையில் இருவரும் கடைக்குத் திரும்பி வந்து பாதியில் விட்ட போர்வைகளை மடித்து வைத்தார்கள். இருபத்தோரு வருஷம் ஆகிறது. பதினாறு வயதிலிருந்து கூப்பிட்ட அத்தானை அவளால் மாற்றிக் கூப்பிட முடியவில்லை. அவரும் அன்று கூப்பிட்ட 'சின்னவளே'யை விடவில்லை.

அக்காவை அவர் 'குருவி' என்றுதான் கூப்பிடுவார். வாய் ஓயாத பேச்சுக்காரி அவள். கையில் துணியை வைத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தால் இஸ்திரிப் பெட்டி சூடு ஆறிப்போய் மறுபடி சூடாகும். அவள் அவரை "என்னங்க" என்பாள், கடைசியில் கொஞ்சம் இழுத்து. குருவியையும் என்னங்கவையும் அக்கா போகும்போது கூடவே கொண்டுபோய்விட்டாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அந்த இரண்டு சொற்களையும் சொல்லவில்லை.

அவள் கொண்டுபோகாமல் விட்டது ஒரு பச்சை ஸ்வெட்டர். கடையின் நீளக் கம்பியில், வாடிக்கையாளர் துணிகள் எல்லாம் முடிந்த கடைசிக் கோடியில், பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். காலரில் சீட்டும் உண்டு, ஆனால் எண் கிடையாது. மாதம் ஒருமுறை அவர் அதை இறக்கி, உறையைக் கழற்றி, ஆவி பிடித்து, புது உறை போட்டு மாட்டுவார். இருபத்தோரு வருஷத்தில் சின்னவள் அதைத் தொட்டதில்லை. அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை. ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயமில்லை அவளுக்கு. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவார் என்பதுதான் பயம்.

சீட்டுகள் மாறியதற்குப் பிறகு அவருடைய வலது செருப்பு அடிக்கடி நழுவியது. சமையலறைக்கும் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செருப்பு கிடக்கும், மற்றதோடு அவர் போய்க்கொண்டிருப்பார். தலை வலிக்கிறது என்றார். பகலிலேயே தூங்கினார். ஒருநாள் காலை அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"குருவி, டீ ஆறிப்போச்சே."

சின்னவள் அவர் பக்கம் திரும்பினாள். தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்றே நினைத்து மறுபடி அடுப்புப் பக்கம் பார்த்தாள். சுவரும் தண்ணீர்க் குழாயும்தான் இருந்தன. அவர் மேஜையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை அவள் முன்பு பார்த்திருக்கிறாள், தன்னைத் தாண்டி இன்னொருத்தியின் மேல் விழும்போது பார்த்திருக்கிறாள். அது நேராகத் தன் முகத்தில் விழுவது அதுதான் முதல் தடவை.

"சூடு பண்ணித் தரேன்," என்றாள். பிறகு தன் வாயா சொன்னது என்று அவளே திகைக்கும்படி, "என்னங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

வயதாகிறது, நினைவு தப்புகிறது என்று நினைத்தாள். யார் வீட்டில்தான் நடக்கவில்லை. அடுத்த நான்கு நாட்கள் அவர் நினைவு வந்தும் போயும் கிடந்தார். போன நேரமெல்லாம் அவள் குருவியாக இருந்தாள். அவர் கடை திறந்த நாளின் மழையைப் பற்றிப் பேசினார். கையைப் பிடித்துக்கொண்டார். சூப்பு நன்றாக இருக்கிறது என்றார். இருபத்தோரு வருஷமாக அதே சூப்பைத்தான் அவள் வைக்கிறாள். அதைவிட விசித்திரம், அவர் அவளிடமே அவளைப் பற்றிப் பேசினார்.

"உன் தங்கச்சி இன்னிக்கு வாயே திறக்கல. நான் ஏதாச்சும் சொல்லிட்டேனா?"

"அவ எப்பவும் அப்படித்தாங்க."

"பாவம் அவ. நான்தான் அவளைக் கொண்டுவந்து இந்தக் கடைக்குள்ள அடைச்சுட்டேன். நீ கோவிச்சுக்கலையே?"

"நான் ஏன் கோவிச்சுக்கணும்," என்றாள் சின்னவள். குரல் அக்காவுடையதைப் போலவே இழுத்துக்கொண்டு போனது. வேண்டுமென்று செய்யவில்லை. அந்த இழுவை எங்கேயோ வீட்டுக்குள்ளேயே காத்துக் கிடந்ததைப் போல வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. அந்தக் குரலிலேயே கேட்டாள். "அவளை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். யோசித்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார், அப்படியே கண் சொருகித் தூங்கிவிட்டார். மறுநாள் காலை நீராவிப் பிரஸ்ஸுக்கு முன்னால் விழுந்தார்.

மருத்துவமனையில் மூளை அறுவை செய்யும் டாக்டரம்மாவுக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, மண்டையோட்டின் உள்பக்கம் இடதுபுறமாகப் படிந்திருந்த பிறை போன்ற ஒரு பட்டையைக் காட்டினார்.

"இது ரத்தம். மூளைக்குள்ள இல்ல, மூளைக்கும் ஓட்டுக்கும் நடுவுல. வாரக்கணக்கா சொட்டுச் சொட்டாக் கசிஞ்சு சேர்ந்திருக்கு. சமீபத்துல தலையில எங்கயாவது இடிச்சுக்கிட்டாரா?"

இல்லை என்று சொல்ல வந்தவளுக்கு நினைவு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் குனிந்து எழுந்தபோது துணிக்கம்பியின் கோடியில், அந்தப் பச்சை ஸ்வெட்டர் தொங்கும் இடத்தில்தான், உச்சந்தலை டொக்கென்று இடித்தது. "கம்பி வளைஞ்சிருக்கான்னு பாரு சின்னவளே" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார். ஒரு வீக்கம்கூட இல்லை. இடித்த இடத்தைச் சொன்னவள், அங்கே தொங்குவது என்ன என்பதைச் சொல்லவில்லை.

"அவ்வளவு போதும்," என்றார் டாக்டரம்மா. "இந்த வயசுல மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும், சின்ன ரத்தக் குழாய்லாம் இழுத்துக் கட்டின நூல் மாதிரி இருக்கும். அதோட இதயத்துக்காக ரத்தம் இளகுற மாத்திரை வேற சாப்பிடறார். இப்ப அதை நிறுத்தியாகணும். நிறுத்தினா இதயத்துல ரத்தம் கட்டி எங்கயாவது போய் அடைக்கலாம். நிறுத்தலைன்னா இங்க கசியும்."

இருதலைக் கொள்ளி எறும்புதான் என்று நினைத்துக்கொண்டாள் சின்னவள். டாக்டரம்மா எதையும் மூடி மறைக்கவில்லை. மண்டையில் இரண்டு சிறு துளைகள், உள்ளே கழுவி, இரண்டு நாள் ஒரு குழாய் வைத்து மிச்சத்தை வடியவிடுவது. நூறு பேரில் எண்பது பேருக்கு மேல் நன்றாக எழுந்து நடக்கிறார்கள். பத்துப் பதினைந்து பேருக்குத் திரும்பவும் ரத்தம் சேர்கிறது, திரும்பவும் திறக்க வேண்டியிருக்கும். சிலருக்கு வலிப்பு வரும், சிலருக்குப் புண் சீழ் வைக்கும், சிலருக்குப் புது ரத்தம் கசியும். சிலர் இறந்தும் போகிறார்கள்.

"செய்யலைன்னா?" என்று கேட்டாள்.

"குழப்பம் அதிகமாகும். தூக்கம் அதிகமாகும். அப்புறம் எழுந்திருக்க மாட்டார்."

குழப்பம் என்று அவர் சொன்ன சொல் சின்னவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் குழப்பத்தில்தான் அவளுக்கு ஒரு கணவர் இருந்தார். கையெழுத்துப் போடும்போது அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கையெழுத்தைப் போட்டாள்.

உள்ளே இருந்து வந்தது பழைய எஞ்சின் ஆயில் போல இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். மறுநாள் குழாயோடு மல்லாந்து படுத்திருந்த அவர் கண்ணைத் திறந்து அவளைத் தேடிப் பிடித்து, தெளிவாகக் கேட்டார்.

"சின்னவளே, கடையை யார் பாத்துக்கறா?"

அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நர்ஸ் தோளைத் தட்டினாள். பாதி அதுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு தாள் கொடுத்து, கண்ணில் படும் இடத்தில் ஒட்டச் சொன்னாள். தலைவலி, கால் இழுத்தல், அதிகத் தூக்கம், பேச்சில் குழப்பம். இதில் எது வந்தாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் வரவும். முதல் ஒன்றிரண்டு மாதங்கள்தான் கவனம். சின்னவள் அதைக் கடையில் தொலைபேசிக்கு மேலே ஒட்டினாள்.

அவர் தேறிவிட்டார். பத்தாம் நாள் கவுன்ட்டரில் உட்கார்ந்தார். தான் படுத்திருந்தபோது அவள் குத்திய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "பரவால்ல" என்றார். மற்றபடி வீடு பழைய வீடாகிவிட்டது. சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், கணக்காக நான்கு வார்த்தை பேசினார், தூங்கினார். சூப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த நாலு நாள் ஏதாவது ஞாபகம் இருக்கா அத்தான்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணுமே இல்ல. ஏதாச்சும் உளறினேனா?"

"இல்ல," என்றாள்.

அவர் துணிகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படுவதைப் போலக் கேவலம் உலகத்தில் இல்லை, திருப்பிச் சண்டை போடக்கூட ஆள் இருக்காது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அவர் அழைக்கும்போதெல்லாம் அவள் காது அந்த இன்னொரு சொல்லுக்காக நீண்டது. மனத்தில் ஒரே கேள்வி கிடந்து அரித்தது. கரண்டியைக் கீழே வைத்தாரே, வாயைத் திறந்தாரே, என்ன சொல்லவந்தார்? தெளிந்திருக்கும் மனிதரிடம் அதைக் கேட்க முடியாது. கேட்டால் "என்ன கேள்வி இது" என்பார். அத்தோடு அது என்றைக்கும் மூடிப்போகும்.

அறுவை நடந்த பத்தொன்பதாம் நாள் காலை எட்டு மணி. அவள் அப்போதுதான் கடையைத் திறந்து பெரிய மெஷினை ஓடவிட்டிருந்தாள். வீட்டுக்கும் கடைக்கும் நடுவிலிருந்த கதவில் அவர் வந்து நின்றார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை.

"கடையைத் திறந்துட்டியா குருவி," என்றார்.

சின்னவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தாள் என்று யாரும் சொல்ல வேண்டாம், அவளே சொல்லிக்கொண்டதில்லை. தொலைபேசியை எடுத்தாள். எதிரே தாள் இருந்தது, நான்காவது வரி, பேச்சில் குழப்பம். அவள் எண்ணைச் சுழற்றவில்லை. ஒரு பதில், ஒரே ஒரு பதில், அதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது. தொலைபேசியை வைத்தாள்.

கடைக் கதவில் 'மூடியுள்ளது' பலகையைத் திருப்பினாள். கம்பியின் கோடிக்குப் போனாள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்த சத்தம் மெஷின் சத்தத்துக்கும் மேலே கேட்டது. ஸ்வெட்டரில் அக்காவின் வாசனை இருக்கும் என்று பயந்தாள். இத்தனை வருஷம் ஆவி பிடித்ததில் அக்கா என்றைக்கோ போய்விட்டிருந்தாள், கடையின் வாசனைதான் இருந்தது. தோள் இறுக்கியது. பொத்தான்களைப் போட்டுக்கொண்டு திரும்பியபோது மெஷினின் வட்டக் கண்ணாடியில் பச்சையாக ஒரு உருவம் எதிரே வந்தது. வழி விடுவதற்காகச் சின்னவள் ஒதுங்கி நின்றாள். பிறகுதான் அது தான் என்று புரிந்தது.

இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்து, எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க," என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. "எவ்வளவு நாளாச்சு இதை நீ போட்டு."

கேட்க வேண்டியதை உடனே கேட்டிருக்கலாம். அவளுக்கு ஆசை விடவில்லை. அவர் பேசினார், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் மெஷின் வாங்கியபோது இரண்டு பேரும் இரண்டு நாள் அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து துணி சுற்றுவதை வேடிக்கை பார்த்தது, ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு விழுந்து அதற்கு அக்கா சொன்ன பொய். அந்தப் பொய்யைச் சின்னவள் கேட்டதே இல்லை. அவரோடு சேர்ந்து சிரித்தாள். ஒன்பதானது. மெஷின் ஓடி முடித்துத் தானே நின்றது. அவள் கொடுத்திருந்த டீக் கோப்பை அவர் வலது கையிலிருந்து நழுவித் தரையில் உடைந்தது. அவர் கையைப் பார்த்தார், அது யாருடைய கை என்பதைப் போல. சின்னவள் சில்லுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

பத்தே முக்காலுக்குக் கேட்டாள்.

"சின்னவளை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

அவர் இடது கையால் மேஜை விளிம்பைத் தடவினார். பேச ஆரம்பித்தபோது சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து வந்தன.

"உன்கிட்ட பேசற மாதிரி அவகிட்ட பேச வராது குருவி. அவ அத்தான்னு கூப்பிட்டா நீ பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கும். அப்புறம் என்னத்தைப் பேசறது."

சின்னவளின் கை ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் பிடித்தது.

"ஆனா ஒண்ணு," என்றார். "அவ இருக்கறதாலதான் நான் பயமில்லாமத் தூங்கறேன். என் தலையில ஓட்டை போட்டாங்களாமே, அவதான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கா. எனக்கு லேசா ஒண்ணுன்னாலும் ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டா. நீன்னா கதை பேசிட்டு உக்காந்துருவே." அவர் சிரித்தார், சிரிப்பு முகத்தின் இடது பக்கம் மட்டும்தான் ஏறியது. "அவ அப்படி இல்ல."

அவள் எழுந்த வேகத்தில் முக்காலி விழுந்தது. தொலைபேசியில் முகவரியைச் சொல்லும்போது தெருப்பெயர் வாயில் வராமல் இரண்டு தடவை தடுமாறினாள். ஆம்புலன்ஸ் வந்தபோது பதினொன்று. வழியிலேயே அவருக்கு வலிப்பு வந்தது. உடம்பின் வலது பக்கம் முழுவதும் தூக்கித் தூக்கிப் போட்டது. பச்சை ஸ்வெட்டர் கைகளால் அவள் அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப ஆரம்பிச்சது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

'இப்பத்தான்' என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது.

"எட்டு மணிக்கு," என்றாள் சின்னவள்.

டாக்டரம்மா சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். "தாள் குடுத்திருந்தோமே."

"சுவத்துலதான் இருக்கு."

"அப்புறம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பேசிட்டிருந்தோம்," என்றாள்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. எட்டு மணி என்று எழுதிக்கொண்டார். பழைய ரத்தத்தோடு புது ரத்தமும் சேர்ந்திருக்கிறது, அதே இடத்தைத் திறந்து பெரிதாக்க வேண்டும், இரண்டாம் தடவை என்பது முதல் தடவையைப் போல நம்பிச் சொல்வதற்கில்லை என்றார். சின்னவள் இன்னொரு கையெழுத்துப் போட்டாள்.

உயிர் தங்கிவிட்டது. வலது கை மெதுவாக வரலாம், வராமலும் போகலாம். பேச்சு எவ்வளவு திரும்பும் என்று தெரியாது. பேச்சின் இடம் மூளையில் அந்த இடது பக்கம்தான் இருக்கிறதாம்.

"மூணு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா?" என்று தாழ்வாரத்தில் வழிமறித்துக் கேட்டாள்.

டாக்டரம்மா தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். "மூணு நாள் கழிச்சு வந்தவங்க எழுந்து நடந்து போயிருக்காங்க. கண்ணெதிர்ல வார்டுலயே இருந்தவங்களுக்கும் இப்படி ஆகியிருக்கு. இதுக்குப் பதில் என்கிட்ட இல்லம்மா. யார்கிட்டயும் இருக்காது."

மறுநாள் காலை ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். ஸ்வெட்டரைக் கழற்ற அவளுக்குத் தோன்றவே இல்லை, அதோடுதான் இரவு முழுக்க நாற்காலியில் இருந்தாள். அவர் விழித்திருந்தார். அவள் கட்டில் அருகே நின்றாள். கூப்பிட வாயெடுத்தாள். என்னங்க வரவில்லை, அது அவளுடையது இல்லை. அத்தான் வரவில்லை, அந்தச் சொல் இத்தனை வருஷம் யாரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது என்று இப்போது அவளுக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு சொல் அவளிடம் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

அவருடைய இடது கை எழுந்தது. அவள் கழுத்தைத் தொட்டது, காலருக்குள் நுழைந்து தடவியது. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், துணியைப் பார்த்தால் சீட்டைத் தேடும் கை. சீட்டு கிடைத்தது. முன்பக்கம் திருப்பினார், பின்பக்கம் திருப்பினார். எண் இல்லை. பிறகு கட்டைவிரலால் ஊக்கைத் திறக்க முயன்றார். பழகாத கை, நழுவிக்கொண்டே இருந்தது. நர்ஸ் உதவிக்கு வந்தபோது சின்னவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். கடைசியில் ஊக்கு திறந்தது. சீட்டு அவர் கையோடு வந்தது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

இது உன் துணி இல்லை, கழற்று என்று சொன்னாரா? இல்லை, அந்தப் பேரை உன் மேலிருந்து எடுத்துவிட்டேன் என்று சொன்னாரா? அவள் அன்றைக்கும் யோசித்தாள், இன்றைக்கும் யோசிக்கிறாள். கேட்டால் பதில் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. எல்லா வார்த்தையும் இருந்த காலத்தில் அவளுக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

இப்போது அவர் கவுன்ட்டரில் உட்காருகிறார். வலது கை மடியில் கிடக்கிறது. டீ என்கிறார், நாளைக்கு என்கிறார், வேண்டாம் என்கிறார், இன்னும் ஏழெட்டுச் சொற்கள் இருக்கின்றன. அவற்றில் பேர் ஒன்றும் இல்லை. சீட்டுக் குத்துவது சின்னவள்தான். பச்சை ஸ்வெட்டர் சீட்டில்லாமல் கம்பியின் கோடியில் தொங்குகிறது. மாதம் ஒருமுறை அவளே அதை இறக்கி ஆவி பிடித்து மாட்டுகிறாள். மெஷின் கண்ணாடியைக் கடக்கும்போது அதில் பார்ப்பதில்லை.

அவளைக் கூப்பிட வேண்டுமானால் அவர் இடது கையால் கவுன்ட்டர் பலகையை இரண்டு தட்டு தட்டுவார். தட்டலுக்குக் குரல் கிடையாது, அது சின்னவளையா குருவியையா என்று கண்டுபிடிக்க வழி இல்லை. கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு, "வந்துட்டேன்" என்று ஓடுகிறாள். ஒரு நிமிஷம்கூடத் தாமதிப்பதில்லை.